கோலிக்குண்டுல ஒரு ஓட்டு: கேம்பியாவோட முதல் எலெக்‌ஷன் பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல ஒரு வாசகர் "உலகத்துலயே வித்தியாசமா ஓட்டுப் போடுற நாடு எது"ன்னு கேட்டிருந்தாரு, மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற கேம்பியா, அங்க கோலிக்குண்டு போட்டுத்தான் ஓட்டுன்னு ரெண்டே வரில பதில் சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த கடுதாசி, மெயில், வாய்ஸ் மெசேஜ் முக்காவாசி அதப் பத்தித்தான். அதனால இந்தத் தடவை முழுசும் கேம்பியாதான், முக்கியமா சுதந்திரம் வாங்கின அடுத்த வருஷமே, 1966 மே மாசம், அவங்க நடத்துன முதல் பார்லிமெண்ட் எலெக்‌ஷன். சினிமா கேள்வி அனுப்பினவங்க ஒரு இதழ் பொறுத்துக்கோங்க, ப்ளீஸ்.

கேள்வி: கோலிக்குண்டுன்னா நாம சின்னப் பிள்ளைல ஆடுன அதே கோலியா? அத வச்சு எப்படிங்க ஓட்டுப் போட முடியும்? கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

பதில்: அதே கோலிதாங்க, கண்ணாடிக் கோலி. லிஸ்ட்ல பேரைச் சரி பாத்து, விரல்ல மை வச்சு, பூத் ஆபீசர் உங்க கைல ஒரே ஒரு கோலி குடுப்பாரு. மறைப்புக்குப் பின்னாடி போனா வரிசையா இரும்பு டிரம் நிக்கும், வேட்பாளர் எத்தனை பேரோ அத்தனை டிரம், ஒவ்வொண்ணும் அந்தந்தக் கட்சி கலர்ல பெயிண்ட் அடிச்சு, வேட்பாளர் படமும் சின்னமும் ஒட்டியிருக்கும். டிரம்மை மூடி சீல் வச்சிருப்பாங்க, மேல ஒரு சின்னக் குழாய் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும், ஒரு கோலி போற அளவுக்குத்தான் அதோட வாய். நீங்க யாரை நெனச்சுட்டு வந்தீங்களோ அவங்க டிரம்ல கோலிய விட்டா அது உருண்டு உள்ள போய் ஒரு மணில மோதி "டிங்"னு சத்தம் வரும். ஓட்டு விழுந்தாச்சு, நீங்க வீட்டுக்குப் போலாம்.

அந்த மணிலதான் விஷயமே இருக்கு. வெளில உக்காந்திருக்கிற ஆபீசரும் கட்சி ஏஜெண்டுகளும் காதைத் தீட்டி வச்சுக்கிட்டு இருப்பாங்க, ஒரு ஆள் உள்ள போனா ஒரு "டிங்"தான் கேக்கணும், ரெண்டு கேட்டா எங்கிருந்தோ இன்னொரு கோலி கொண்டாந்திருக்கான்னு அர்த்தம், ஒண்ணுமே கேக்கலைன்னா ஓட்டுப் போடாம கோலிய மடியில கட்டிக்கிட்டு வர்றான்னு அர்த்தம். டிரம்முக்கு அடியில மணலோ மரத்தூளோ கொட்டி வச்சிருப்பாங்க, இல்லன்னா விழுற கோலி கீழ கிடக்கிற கோலி மேல மோதி இன்னொரு சத்தம் போடும், கணக்கு குழம்பிடும்ல. அதோட பூத் பக்கத்துல சைக்கிள் வரவே கூடாது, ஏன்னா சைக்கிள் பெல் சத்தமும் இந்த மணிச் சத்தமும் ஒண்ணு போலவே இருக்கும். இத முதல் தடவை படிச்ச அன்னைக்கு நான் ரொம்ப நேரம் இதையே நெனச்சுக்கிட்டு இருந்தேங்க, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுசனோட ஓட்டைக் காப்பாத்தறதுக்கு சைக்கிள் பெல் வரைக்கும் யோசிச்சிருக்காங்களேன்னு.

இந்த முறை வந்தது 1960கள்ல, வெள்ளைக்காரன் கிளம்புற சமயத்துல. அப்ப அங்க ஜனங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எழுத்து தெரியாது. பேப்பர்ல பேரைப் படிச்சு பென்சிலால கோடு போடுன்னு சொன்னா பாதிப் பேர் தயங்கி நின்னுருப்பாங்க, இல்ல பக்கத்துல இருக்கிறவனைக் கேட்டுருப்பாங்க, கேட்ட நிமிஷத்துலயே ரகசியம் போச்சு. கோலிக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல. எந்த டிரம்ல இருந்து மணி அடிச்சுதுன்னு வெளில நிக்கிறவனுக்கும் தெரியப் போறதில்ல.

கேள்வி: 1966 எலெக்‌ஷன்ல யார் யார் நின்னாங்க, யார் ஜெயிச்சாங்க? நான் ஹிஸ்டரி டீச்சர், பிள்ளைங்களுக்குச் சொல்றதுக்குக் கேக்குறேன்.

பதில்: டீச்சர், ரிசல்ட்டை முதல்லயே சொல்லிடுறேன். தேர்ந்தெடுக்க வேண்டிய சீட்டு 32. அதுல 24 பிரதமர் தாவ்தா ஜவாராவோட பீப்பிள்ஸ் ப்ரோக்ரஸிவ் பார்ட்டிக்கு, சுருக்கமா பிபிபி. மிச்சம் 8 எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு, யுனைடெட் பார்ட்டியும் கேம்பியா காங்கிரஸ் பார்ட்டியும் சேந்து நின்னாங்க. ஓட்டுப்பதிவு ஒரே நாள்ல முடியல, மே 17ல இருந்து 26 வரைக்கும் நடந்துச்சு.

ஆனா பிள்ளைங்களுக்கு இந்த நம்பர் மட்டும் சொன்னா ஒண்ணும் புரியாது, அதுக்கு முன்கதை சொல்லியாகணும். மேப்ல கேம்பியாவ பாத்திருப்பீங்க, ஒரு நதி, அதுக்கு ரெண்டு கரைலயும் ஒட்டுன மாதிரி ஒரு நீளமான துண்டு நிலம், அகலமே 50 கிலோமீட்டருக்குக் கம்மி, கடல் பக்கத்தைத் தவிர மூணு பக்கமும் செனகல். 1963 சென்சஸ்ல மொத்த ஜனத்தொகையே மூணு லட்சத்துச் சொச்சம்தான். இவ்வளவு குட்டி நாட்டைக்கூட பிரிட்டிஷ்காரன் ரெண்டா பிரிச்சு வச்சிருந்தான். நதி கடல்ல சேர்ற இடத்துல இருக்கிற பாத்தர்ஸ்ட் நகரமும் அதச் சுத்தின கொஞ்ச இடமும் காலனி, 1973க்கு அப்புறம் பாஞ்சுல்னு பேரு மாத்துனாங்களே அதே ஊர்தான். நதியோட உள்நாட்டுக்குள்ள போகப் போக இருக்கிற கிராமம் எல்லாம் ப்ரொடெக்டரேட், அதாவது பாதுகாப்புப் பகுதி, அங்க ஆட்சி பண்றது பிரிட்டிஷ்காரனோட ஒத்துப் போற பரம்பரைத் தலைவருங்க, அவங்கள செய்ஃபோன்னு சொல்லுவாங்க, அவங்களுக்குக் கீழ ஊர்த் தலைவருக்கு அல்காலோன்னு பேரு.

நகரத்து ஆளுங்களுக்கு 1947லயே ஓட்டு வந்துடுச்சு, எட்வர்ட் ஸ்மால்னு தொழிற்சங்கம் நடத்துன ஒரு பெரிய மனுசன் அந்த வருஷம் ஜெயிச்சு சட்டசபைக்குப் போனாரு. கிராமத்துல இருக்கிறவங்களுக்கு? 1960 வரைக்கும் கிடையாது. நாட்டோட ஜனத்துல பெரும்பகுதி அங்கதான் இருந்துச்சு, நாட்டோட வருமானமே அவங்க வெளைய வைக்கிற நிலக்கடலைலதான் ஓடுச்சு, கப்பல்ல ஏத்துன சரக்குல கிட்டத்தட்ட எல்லாமே கடலைதான், ஆனா ஓட்டு மட்டும் இல்ல. அவங்களுக்காகப் பேசுறது செய்ஃபோ மட்டும்தான்.

இந்த ஆத்திரத்துலதான் 1959ல ப்ரொடெக்டரேட் பீப்பிள்ஸ் பார்ட்டின்னு ஒரு கட்சி பொறந்துச்சு, அப்புறம் நகரத்துக்காரங்களையும் சேத்துக்கணும்னு பேரைக் கொஞ்சம் மாத்தி பீப்பிள்ஸ் ப்ரோக்ரஸிவ் பார்ட்டி ஆக்குனாங்க, எழுத்து அதே பிபிபிதான். தலைவரா வந்தவரு ஜவாரா, மாட்டு டாக்டர், கிளாஸ்கோவுல படிச்சவரு. வேலை நிமித்தமா உள்நாட்டுல ஊர் ஊரா போய் மாடு பாத்தவரு, கிராமத்துல அவரைத் தெரியாத வீடு கம்மி. எதிர்ல நின்னவரு பி.எஸ். நிஜாய், பாத்தர்ஸ்ட்ல பேர் போன வக்கீல், யுனைடெட் பார்ட்டி தலைவர்.

1960ல முதல் தடவையா கிராமத்து ஆம்பள, பொம்பள எல்லாரும் ஓட்டுப் போட்டாங்க, பிபிபிதான் நெறய சீட்டு வாங்குச்சு. ஆனா செய்ஃபோக்களுக்கு அந்த சபைல தனியா இடம் இருந்துச்சு, அவங்க நிஜாய் பக்கம் சாஞ்சாங்க, 1961ல கவர்னர் நிஜாயையே முதன்மை மந்திரியா போட்டுட்டாரு. ஜவாரா மந்திரி பதவிய தூக்கிப் போட்டுட்டு வெளில வந்துட்டாரு. அடுத்த வருஷமே 1962 மே மாசம் திரும்ப எலெக்‌ஷன், இந்தத் தடவை நேரடி சீட்டு 32 ஆக்கி செய்ஃபோக்களை நாலு பேரா குறைச்சுட்டாங்க. பிபிபி 18, யுனைடெட் 13, இன்னொரு சின்னக் கட்சிக்கு 1. 1963 அக்டோபர்ல உள்நாட்டு சுயாட்சி, 1965 பிப்ரவரி 18 சுதந்திரம். நடுவுல புது எலெக்‌ஷன் எதுவும் வைக்கல, 1962ல வந்த சபைதான் சுதந்திரத்தையும் பாத்துச்சு. அதனால 1966தான் சுதந்திர கேம்பியா தன் கையால நடத்துன முதல் எலெக்‌ஷன். 18 சீட்டு 24 ஆனத இந்த வரிசைல வச்சுப் பாத்தாத்தான் அதோட அர்த்தம் தெரியும், ஆறே வருஷம் முன்னாடி ஓட்டே இல்லாத கிராமத்து ஜனம் நாட்டோட கவர்மெண்டையே தீர்மானிக்கிற இடத்துக்கு வந்துட்டாங்க.

கேள்வி: சுதந்திரம் வாங்கின வருஷமே ஒரு ரெஃபரெண்டம் வச்சு கவர்மெண்ட் தோத்துப் போச்சாமே? தோத்த கட்சி ஆறே மாசத்துல எப்படி 24 சீட்டு ஜெயிச்சுது? எனக்கு இடிக்குது.

பதில்: நல்லா பிடிச்சீங்க. என்னைக் கேட்டா கேம்பியாவோட கதைல இதுதான் முக்கியமான இடம், மணியும் டிரம்மும்கூட இதுக்கு அப்புறம்தான்.

சுதந்திரம் கிடைச்சப்ப கேம்பியா குடியரசு இல்ல, நாட்டுத் தலைவர் அப்பவும் இங்கிலாந்து ராணிதான், அவங்க சார்பா ஒரு கவர்னர் ஜெனரல், ஜவாரா பிரதமர். அத மாத்தி குடியரசு ஆக்கி, ஜனாதிபதியக் கொண்டு வரணும்னு ஜவாரா ஆசைப்பட்டாரு. ஆனா அரசியல் சாசனத்துல ஒரு பூட்டு இருந்துச்சு, இந்த மாதிரி மாத்தத்துக்கு ஜனங்ககிட்ட போகணும், விழுற ஓட்டுல மூணுல ரெண்டு பங்கு "சரி"ன்னு வரணும். 1965 நவம்பர்ல ஓட்டெடுப்பு வச்சாங்க. "சரி"ன்னு 65.85 சதவீதம். வேண்டியது 66.67. ஓட்டுக் கணக்குல சொன்னா எழுநூத்துச் சொச்சம் ஓட்டு கம்மி.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கிட்டத்தட்ட தொண்ணூத்தி மூவாயிரம் ஓட்டு விழுந்திருக்கு, அதுல எழுநூறு ஓட்டு. கவர்மெண்ட் அவங்களோடது, டிரம் எல்லாம் அவங்க ஆபீசருங்க கைல, போலீஸ் அவங்களோடது, ஒன்பது மாசம் முன்னாடி கொடி ஏத்துன கட்சி. எழுநூறு கோலிய எங்கயாவது ஒரு ஊர்ல சேத்துப் போடுறது எவ்வளவு பெரிய வேலை? செய்யல. தோத்துட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க, ராணி நாட்டுத் தலைவரா இருந்தபடியே நாடு ஓடுச்சு. எதிர்க்கட்சி அந்த ஓட்டெடுப்புல ஊர் ஊரா போய் "வேண்டாம்"னு பிரச்சாரம் பண்ணிருந்துச்சு, ஒரே ஆள் கைல அதிகாரம் குவியும்னு பயந்தாங்க, அந்த பயத்துல நியாயம் இருந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன், அவங்களையும் யாரும் தூக்கி ஜெயில்ல போடல.

இப்ப உங்களுக்கு இடிக்கிற கணக்குக்கு வர்றேன். ரெஃபரெண்டத்துல ஜவாரா பக்கம் நின்னவங்க கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு, சாதாரணக் கணக்குல அது பெரிய மெஜாரிட்டி, சாசனம் கேட்ட அளவுக்குத்தான் வரல. எலெக்‌ஷன்ல அப்படி ஒரு கோடு கிடையாது, தொகுதிக்கு ஒருத்தர், அங்க யாருக்கு கோலி அதிகமோ அவருக்கு சீட்டு. அந்த மூணுல ரெண்டு பங்கு ஆதரவு நாடு முழுக்க ஓரளவு பரவலா இருந்ததால 32ல 24 ஆயிடுச்சு. ஜனம் ஆறு மாசத்துல மனசு மாறிட்டாங்கன்னு அர்த்தமில்ல, கேட்ட கேள்வி வேற, அளந்த படி வேற.

பின்னாடி 1970 ஏப்ரல்ல அதே கேள்விய திரும்பக் கேட்டாங்க, 70 சதவீதத்துக்கு மேல "சரி"ன்னு வந்துச்சு, ஏப்ரல் 24ம் தேதி குடியரசு ஆச்சு, ஜவாரா ஜனாதிபதி ஆனாரு. நாலரை வருஷம் காத்திருந்து வாங்குனது.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன், பொலிட்டிகல் சயின்ஸ். 1965, 66ல ஆப்பிரிக்காவுல திரும்புன பக்கமெல்லாம் ராணுவப் புரட்சின்னு புக்ல இருக்கு. கேம்பியாவுல மட்டும் அமைதியா எலெக்‌ஷன் நடந்தது எப்படி?

பதில்: தம்பி, தேதிய வரிசையா எழுதி வச்சுப் பாரு, மலைச்சுப் போயிடுவ. 1965 நவம்பர், கேம்பியாவுல ரெஃபரெண்டம் நடக்குற அதே மாசம், காங்கோவுல ராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியப் பிடிக்கிறாரு. டிசம்பர்ல டஹோமி, இப்ப பெனின்னு சொல்றோமே அது. புத்தாண்டு ராத்திரி மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல ராணுவத் தளபதி பொகாஸா. ஜனவரி முதல் வாரம் அப்பர் வோல்டா, இப்ப புர்கினா ஃபாசோ, அதே ஜனவரி 15 நைஜீரியா, அங்க பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவாவையே கொன்னுட்டாங்க. பிப்ரவரி 24 கானா, ஜனாதிபதி நிக்ருமா வெளிநாட்டுப் பயணத்துல இருந்தப்ப ஆட்சி போச்சு, சுதந்திர ஆப்பிரிக்காவுக்கே முகமா இருந்த மனுசன். அதுக்கு மூணாவது மாசம் கேம்பியாவுல ஜனம் லைன்ல நின்னு கோலி போட்டுக்கிட்டு இருக்காங்க.

காரணம் என்னன்னா, முதல் காரணம் ரொம்ப நேரடியானது, அங்க ராணுவமே இல்ல. இருந்த சின்ன ரெஜிமெண்டையும் 1958ல கலைச்சுட்டாங்க, அதுக்குப் பதிலா ஃபீல்டு ஃபோர்ஸ்னு ஒரு போலீஸ் படை மட்டும். பாதுகாப்புக்கு செனகலோட ஒரு ஒப்பந்தம். டேங்க் இல்லாத ஊர்ல டேங்க்ல வந்து ரேடியோ ஸ்டேஷனைப் பிடிக்க யாரு இருக்கா? ரெண்டாவது, தோத்தவங்களுக்கும் ஒரு இடம் இருந்துச்சு. 8 சீட்டோட பார்லிமெண்ட்ல உக்காந்து கத்தலாம், பேப்பர்ல எழுதலாம், கோர்ட்டுக்குப் போகலாம். பல நாட்டுல அந்த வழிய ஆளுங்கட்சியே அடைச்சுட்டாங்க, கானாவுல 1964லயே ஒரே கட்சின்னு சட்டம் வந்துடுச்சு.

இதே பிரிட்டிஷ்காரன் ஆண்ட இன்னொரு நாடு சியரா லியோன், கேம்பியாவுக்கு மறு வருஷம், 1967 மார்ச்ல அங்க எலெக்‌ஷன். எதிர்க்கட்சித் தலைவர் சியாகா ஸ்டீவன்ஸ் ஜெயிச்சு பிரதமரா பதவிப் பிரமாணம் எடுக்குறாரு, எடுத்த கையோட ராணுவத் தளபதி லன்சானா அவரைப் பிடிச்சு வச்சுட்டாரு. அங்கயும் ஜனம் ஒழுங்கா ஓட்டுப் போட்டாங்க, தம்பி. ஓட்டுப் போட்டவன் தப்பு பண்ணல. எண்ணி முடிச்சதுக்கு அப்புறம் துப்பாக்கி வச்சிருக்கிறவன் என்ன பண்றாங்கிறதுலதான் ரெண்டு நாட்டுக் கதையும் பிரிஞ்சு போச்சு. இத ப்ராஜெக்டா எடுத்து எழுதுறதா இருந்தா இந்த ரெண்டு எலெக்‌ஷனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுது, நல்லா வரும்.

கேள்வி: நான் நெறய தடவை எலெக்‌ஷன் டியூட்டி பாத்து ரிட்டயர் ஆன ஆள். இதுல கள்ள ஓட்டு ஈஸியா போடலாம்னு தோணுது. ராத்திரி டிரம்மைத் தெறந்து ஒரு கைப்பிடி கோலிய அள்ளிப் போட்டா யாருக்குத் தெரியும்?

பதில்: ஐயா, அந்த பயம் பேப்பர் பெட்டிக்கும் உண்டு, உங்களுக்கு நான் சொல்லணுமா. காலைல டிரம்மைக் கவுத்து காலியா இருக்குன்னு எல்லாருக்கும் காட்டித்தான் சீல் வைப்பாங்க, சாயங்காலம் ஏஜெண்டுங்க முன்னாடிதான் தெறப்பாங்க. எண்றதுக்கு ஒரு அழகான ஏற்பாடு இருக்கு, சதுரமான ட்ரே, அதுல வரிசையா குழி, ஒரு ட்ரேக்கு 200 குழி இல்லன்னா 500 குழி. கோலியக் கொட்டி கையால பரப்பி விட்டா குழிக்கு ஒண்ணா உக்காந்துக்கும், ட்ரே நெறஞ்சா 500, இன்னொரு ட்ரே எடு. ஒவ்வொண்ணா விரல்ல எண்ணிக்கிட்டு இருக்க வேண்டாம், முக்கியமா சுத்தி நிக்கிற கிராமத்து ஏஜெண்டு, எண்ணே தெரியாதவரா இருந்தாலும், எந்தக் கலர் டிரம்முக்கு எத்தனை ட்ரே நெறஞ்சுதுன்னு கண்ணால பாத்துக்கலாம். செல்லாத ஓட்டு ரொம்ப ரொம்பக் கம்மி, கோடு தப்பா விழுந்துச்சு, ரெண்டு கட்டத்துல மை பட்டுடுச்சுன்னு தூக்கிப் போடுற பிரச்சினை இல்ல. நீங்க எத்தனை ராத்திரி செல்லாத ஓட்டுக் கட்டை வச்சுக்கிட்டு ஏஜெண்டுங்களோட மல்லுக்கட்டிருப்பீங்க, உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

குறையும் இருக்கு, ஒளிக்க மாட்டேன். வேட்பாளர் கூடுனா டிரம் கூடும், அத்தனை டிரம்மையும் பெயிண்ட் அடிச்சு ஊர் ஊரா தூக்கிட்டுப் போகணும், கனம் தாங்காது. நதியால ரெண்டா பிரிஞ்சு கிடக்கிற நாட்டுல அது லேசுப்பட்ட வேலை இல்ல.

கேள்வி: கோபப்படாதீங்க. எழுத்தே தெரியாத ஜனத்துக்கு ஓட்டு குடுத்தது தப்புன்னு தோணுது எனக்கு. ஆட்சி, சாசனம், பட்ஜெட் எல்லாம் அவங்களுக்கு என்ன தெரியும்? படம் பாத்துக் கோலி போடுறது விளையாட்டு மாதிரி இல்லையா?

பதில்: கோபம் இல்லங்க, ஆனா நீங்க சொல்றத என்னால ஒத்துக்க முடியாது, ஏன்னு சொல்றேன்.

கேம்பியாவுல மழை ஆரம்பிக்கிற ஜூன் மாசத்துல ஒரு குடும்பம் நிலக்கடலை விதைக்குது. அதுக்கு முன்னாடி விதைக் கடலைய கடனுக்கு வாங்கணும், மழைக்காலத்துல வீட்டுல அரிசி தீந்து போகும், அந்த சில மாசத்த அங்க பசிக் காலம்னே சொல்லுவாங்க, அப்பவும் கடன். நவம்பர் வாக்குல கடலையப் பிடுங்கிக் காயவச்சு மூட்டை கட்டி வித்தாத்தான் காசு, அந்த விலைய நிர்ணயிக்கிறது கவர்மெண்ட் போர்டு. விலை கொஞ்சம் எறங்குனா வாங்குன கடனே அடையாது. இந்தக் கணக்கு முழுசும் அந்த அம்மா மனசுலயே போட்டு வச்சிருக்காங்க, பேப்பர் பென்சில் இல்லாம. பட்ஜெட் அவங்களுக்குத் தெரியாதுன்னு எப்படிங்க சொல்லுவீங்க? பட்ஜெட்ல ஒரு வரி மாறுனா முதல்ல அடி விழுறது அவங்க அடுப்புலதான்.

எழுத்து தெரியாதவங்கன்னு சொல்றோமே, அது அவங்க பண்ண தப்பும் இல்ல. காலனி ஆட்சில பள்ளிக்கூடம் பெரும்பாலும் பாத்தர்ஸ்ட்லயும் அதச் சுத்தியும்தான், உள்நாட்டுக்கு ரொம்ப லேட்டா, ரொம்பக் கொஞ்சமாத்தான் வந்துச்சு. பள்ளிக்கூடமும் குடுக்காம, படிக்கலைன்னு சொல்லி ஓட்டும் குடுக்காம விட்டா அந்தப் பள்ளிக்கூடம் எந்தக் காலத்துல வரும்? கேக்குறதுக்கு ஆள் வேணும்ல. 1960க்கு முன்னாடி அவங்களுக்காகப் பேசுன செய்ஃபோவ வேலைக்கு வச்சது கவர்னர், எடுக்கிறதும் கவர்னர், அவரு யார் பேச்சைக் கேப்பாரு?

இன்னொண்ணும் யோசிங்க. குடியரசு வேணுமான்னு கேட்ட 1965 ரெஃபரெண்டத்துல "வேண்டாம்"னு போட்டவங்க முப்பதாயிரத்துக்கு மேல, அதே ஜனத்துல நெறய பேர் அடுத்த மே மாசம் வேற கேள்விக்கு வேற டிரம் பாத்துப் போட்டிருக்காங்க. 1970ல வேற மாதிரி தீர்ப்பு சொன்னாங்க. தலைவரைப் புடிக்கும், ஆனா அவரு கேட்டதெல்லாம் குடுக்கணும்னு இல்லன்னு பிரிச்சுப் பாத்துப் போட்ட ஓட்டு இது. அத விளையாட்டுன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரலைங்க.

கேள்வி: ஜவாரா 1994 வரைக்கும் இருந்தாருன்னு விக்கில பாத்தேன். 1962ல இருந்து கணக்கு போட்டா 32 வருஷம்! ஒரே ஆளு இவ்வளவு நாள் இருந்தா அது என்ன ஜனநாயகம்?

பதில்: இந்தக் கேள்வி வரணும்னு எதிர்பாத்தேன், இது வராம இருந்தா 1966 பத்தி நான் சொன்னதெல்லாம் பாதிக் கதையாத்தான் நின்னுருக்கும்.

எதிர்க்கட்சிய தடை பண்ணல, எலெக்‌ஷனை நிறுத்தல, அது உண்மை. ஆனா ஒவ்வொரு தடவையும் ஆளுங்கட்சியே ஜெயிக்கும்போது என்ன ஆகும்னா, எதிர்ல இருக்கிற கெட்டிக்காரங்க ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் தாவிடுவாங்க, ரோடு வேணும்னா, கெணறு வேணும்னா, வேலை வேணும்னா அங்கதான் போகணும்னு தொகுதி ஜனமும் முடிவு பண்ணிடும். யுனைடெட் பார்ட்டி அப்படியே தேஞ்சு போச்சு. துணை ஜனாதிபதியா இருந்த ஷெரிஃப் டிப்பா பிரிஞ்சு போய் 1975ல தனிக்கட்சி ஆரம்பிச்சாரு, ஆனா ஆட்சி வரைக்கும் எட்ட முடியல. 1982ல முதல் தடவையா ஜனாதிபதிக்கு நேரடி ஓட்டு வச்சப்ப டிப்பா ஜெயில்ல இருந்துக்கிட்டே நின்னாரு, ஏன்னா அதுக்கு முந்தின வருஷம், 1981 ஜூலை, ஜவாரா லண்டன் போயிருந்த நேரத்துல ஒரு புரட்சி முயற்சி நடந்து நூத்துக்கணக்கான உயிர் போச்சு, செனகல் ராணுவம் வந்துதான் அடக்குச்சு, அதுக்கு உடந்தைன்னு அவரைப் பிடிச்சிருந்தாங்க.

அந்த பயத்துலதான் 1980கள்ல கேம்பியா தனக்குன்னு ஒரு ராணுவத்தை உண்டாக்குச்சு. அந்த ராணுவத்துல இருந்து வந்த 29 வயசு லெஃப்டினெண்ட் யாயா ஜாமே 1994 ஜூலைல ஜவாராவ எறக்கிட்டாரு. நான் மேல அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலோட சேத்து இதப் படிங்க, ராணுவம் இல்லாததால தப்பிச்ச நாடு, பாதுகாப்புக்குன்னு ராணுவம் வச்சதும் அதுகிட்டயே மாட்டிக்கிச்சு.

ஜாமே காலத்துல எலெக்‌ஷன் நடந்துச்சு, கோலியும் இருந்துச்சு, ஆனா பயம் இருந்துச்சு, எதிர்த்துப் பேசுனவங்க காணாமப் போனாங்க, பத்திரிகைக்காரங்க கொல்லப்பட்டாங்க. அப்படி இருந்தும் 2016 டிசம்பர் 1 அன்னைக்கு மூணு டிரம் வச்சாங்க, ஜாமேக்கு பச்சை, கூட்டணி வேட்பாளர் அடாமா பேரோவுக்கு சாம்பல் கலர், இன்னொருத்தருக்கு ஊதா. சாம்பல் டிரம் ஜெயிச்சுது. சுதந்திரத்துக்கு அப்புறம் ஓட்டுப் போட்டு ஆட்சிய மாத்துனது அந்த நாட்டுல அதுதான் முதல் தடவை, 51 வருஷம் ஆயிடுச்சு. ஜாமே முதல்ல ஒத்துக்கிட்டு வாழ்த்தும் சொல்லிட்டு, ஒரு வாரம் கழிச்சு மாட்டேன்னுட்டாரு. நடுவுல தேர்தல் கமிஷன் தன் கணக்குல ஒரு தப்பைத் தானே கண்டுபிடிச்சுத் திருத்துச்சு, வித்தியாசம் கொறஞ்சுது, ஆனா ஜெயிச்சவர் மாறல. அந்தத் தப்பு கூட கோலில இல்ல, பேப்பர்ல கூட்டுனதுலதான். அக்கம்பக்கத்து நாடுங்க படையோட எல்லைல நின்ன பிறகு 2017 ஜனவரி 21 ஜாமே நாட்டை விட்டுப் போனாரு.

அதனால உங்க கேள்விக்கு என் பதில் இதுதான், 1966ல நடந்தது நேர்மையான எலெக்‌ஷன், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா நேர்மையா எண்ணுறது ஒரு வேலை, ஆட்சி மாறக்கூடிய நெலமைல நாட்டை வச்சிருக்கிறது இன்னொரு வேலை, முதல் வேலைய கேம்பியா சீக்கிரமே கத்துக்கிச்சு, ரெண்டாவதுக்கு ஒரு தலைமுறைக்கு மேல ஆச்சு, அதுக்கு ஜனம் குடுத்த விலை ரொம்ப அதிகம்.

கேள்வி: இப்பவும் கோலிதானா? இல்ல மெஷின் வந்துடுச்சா?

பதில்: இப்பவும் கோலிதான். 2021 டிசம்பர் 4 ஜனாதிபதி எலெக்‌ஷன்ல ஆறு பேர் நின்னாங்க, மறைப்புக்குப் பின்னாடி ஆறு கலர்ல ஆறு டிரம். பேப்பருக்கு மாறலாம்ங்கிற பேச்சு அங்க அப்பப்ப வரும், அந்தத் தடவையும் கோலியே நின்னுடுச்சு. வெளில ஜனம் விடியறதுக்கு முன்னாடியே வந்து லைன் கட்டி நின்னாங்க, உள்ள ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிங்.